எர்த் இல்லாத வீட்டில் எத்தனை ஸ்டெபிலைசர் வைத்து என்ன?

நம்மூரில் என் வயதுக்காரர்கள் வீட்டுக்குப் போனால், காபி வருவதற்குள் என் கண் சுவரைச் சுற்றி வந்துவிடும். ஸ்டெபிலைசர்களை எண்ணுவதற்குத்தான். ஏசிக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று. போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் ஐந்து இருந்தன. "பாரிசிலிருந்து வந்தபோது பையன் வாங்கி மாட்டிவிட்டுப் போனான், இனிமேல் கவலையில்லை" என்றார். அதே வீட்டில் கிரைண்டருக்கு இரண்டு பின் பிளக். மூன்றாவது பின்னை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருக்கிறார்கள், பழைய பிளக் பாயின்டில் நுழையவில்லை என்று. அந்தக் கிரைண்டரில்தான் ஈரக்கையோடு அவர் மனைவி தினமும் மாவு தள்ளுகிறார்.

இந்த வரிசை தப்பு என்பதுதான் என் கட்சி. ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். நாம் அதை முதலில் வாங்கிவிட்டு, மற்றது எல்லாம் ஆயிற்று என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கணக்கு நோட்டு என் தலையில் விழுந்தது. கணக்கு நோட்டோடு மோட்டார், லிப்ட், மீட்டர் போர்டு எல்லாமும் சேர்ந்து விழுந்தன. ஒரு பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அது எதற்கு என்று கேட்பது முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் கீழே எழுதுவது.

முதலில் ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர், சில ரிலேக்கள். தெருவில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், 260க்கு ஏறினால் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும். அந்த 'டக், டக்' சத்தம் ரிலே மாறும் சத்தம். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். எண்பதுகளில் மாலை ஆறு மணி ஆனால் டியூப் லைட் எரியாமல் மினுக்கி மினுக்கி நிற்கும், ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி விரல் தேயும். அந்தக் காலத்துக்கு ஸ்டெபிலைசர் ஒரு வரம். இப்போது வரும் இன்வர்ட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ்களில் பல, ஸ்டெபிலைசர் இல்லாமலே வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பெட்டியின் மேலேயே எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் கடைக்காரர் சொன்னார் என்று இன்னொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

சரி, ஸ்டெபிலைசர் எதைச் செய்யாது? மின்கசிவைத் தடுக்காது. உங்களுக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்காது. இடி விழும்போது கண் இமைக்கும் நேரத்தில் பாயும் வீச்சைத் தடுக்காது. ரிலே அசைவதற்குள் அது வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். வோல்டேஜ் அதன் எல்லையைத் தாண்டி 350, 380 என்று போனால் பல ஸ்டெபிலைசர்கள் தாங்களே கருகிவிடும்.

350 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வந்தது. எங்கள் கட்டடத்திலேயே வந்தது.

சில வருஷங்களுக்கு முன், ஒரு மே மாத இரவு. எங்கள் கட்டடத்துக்குள் மூன்று பேஸ் வருகிறது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் உள்ள மீட்டர் போர்டிலிருந்து ஒரு பேஸுக்கு நான்கு வீடு என்று பன்னிரண்டு வீட்டுக்கும் பிரிகிறது. நியூட்ரல் எல்லோருக்கும் பொது, ஒரே பித்தளைக் கட்டையில் எல்லா நியூட்ரல் கம்பியும் வந்து சேரும். கடற்கரையிலிருந்து எங்கள் இடம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. உப்புக் காற்று அந்தக் கட்டையின் திருகாணியை வருஷக்கணக்கில் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. அன்று எல்லா வீட்டிலும் ஏசி. சூடேறி, திருகாணி தளர்ந்து, மெயின் நியூட்ரல் கருகிக் கழன்றுவிட்டது.

நியூட்ரல் போனால் கரண்ட் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டுக்குத் தனியாகப் போகும் கம்பியானால் அப்படித்தான். மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் போனால் கதை வேறு. ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட் இருக்கிறது. நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு வீடும் தன் 230ஐ வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். அது கழன்றதும் அந்த 400ஐ வீடுகள் தங்களுக்குள் பங்கு போட ஆரம்பிக்கும். அந்தப் பங்கீட்டில் ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. ஏசி, கீசர் என்று அதிகமாக இழுக்கும் பக்கத்துக்குக் குறைந்த வோல்டேஜ், ஒன்றும் இழுக்காமல் சிக்கனமாக இருக்கும் பக்கத்துக்கு அதிக வோல்டேஜ். ஒரு பக்கம் 100 என்றால் மறு பக்கம் 300.

இரண்டாம் மாடியில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். குடும்ப பென்ஷன். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் பேஸில் இருந்த மற்ற மூன்று வீட்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது, மற்ற இரண்டிலும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மாவோ, மின் கட்டணத்துக்குப் பயந்து ஏசி போடாமல் ஒரு பேன், ஒரு எல்இடி விளக்கு, பிரிட்ஜ் என்று இருந்தவர். பேன் திடீரென்று ஹெலிகாப்டர் மாதிரி சுற்றியது என்று பிறகு சொன்னார். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்து அணைந்தது. செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர், வாட்டர் பியூரிபையர், பிரிட்ஜின் உள் போர்டு, பிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசர், எல்லாம் ஒரே நிமிஷத்தில். மேல் மாடியில் மூன்று ஏசி ஓடிய வீட்டுக்காரருக்கு விளக்கு மங்கியது, அவ்வளவுதான்.

பிரிட்ஜுக்குள் அந்த அம்மாவின் ஒரு மாத இன்சுலின் இருந்தது. இரவு பதினொன்றரை. என் மனைவி அதை வாங்கி வந்து எங்கள் பிரிட்ஜில் வைத்தாள். எங்கள் வீடு வேறு பேஸ், எங்களுக்கு டிவி மட்டும் போயிற்று. பொருளுக்கு வந்த சேதத்தைக் கணக்குப் போட்டபோது அந்த அம்மாவின் இரண்டு மாத பென்ஷனைத் தாண்டியது.

மறுநாள் கட்டடம் முழுக்க ஒரே பேச்சு: மின்துறைக்காரர்கள் கவனிப்பதில்லை, கேஸ் போட வேண்டும். நான் மீட்டர் போர்டைத் திறந்து காட்டச் சொன்னேன். கருகியது மீட்டருக்கு நம் பக்கத்துக் கட்டை. அதாவது கட்டடத்தின் சொத்து. கட்டியவர் மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து ஒருவரும் அதில் ஒரு ஸ்பேனர் வைத்ததில்லை. லிப்டுக்கு வருஷ ஒப்பந்தம் உண்டு, தண்ணீர்த் தொட்டி கழுவ மாதம் குறித்திருக்கிறோம், வாசலில் கோலம் போட ஆள் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு வீட்டின் உயிரும் தொங்கும் அந்தத் திருகாணிக்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

"எம்சிபி இருக்கிறதே சார், அது ஏன் விழவில்லை?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, எல்லோரும் கேட்பது. பழைய பீங்கான் பியூஸ் கட்டையின் பேரப்பிள்ளைதான் எம்சிபி. இரண்டுக்கும் தெரிந்தது ஆம்பியர் ஒன்றுதான். வயரில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும். வோல்டேஜ் 350 வந்தாலும் அந்த அம்மா வீட்டில் ஓடிய கரண்ட் ஒரு ஆம்பியருக்குள்தான். எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதற்கென்று ஒரு கருவி தனியாக இருக்கிறது. ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். எம்சிபி பெட்டியிலேயே பக்கத்தில் உட்காரும். வோல்டேஜ் வைத்த எல்லையைத் தாண்டினால் வீடு முழுவதையும் துண்டித்துவிடும், சரியானதும் சில நிமிஷம் பொறுத்துத் தானாக இணைக்கும். ஒரு சுமாரான ஏசி ஸ்டெபிலைசரின் விலையை ஒட்டித்தான் இதன் விலையும். அந்த ஒன்று, வீட்டிலுள்ள பேன் முதல் சார்ஜர் வரை எல்லாவற்றுக்கும் காவல். ஐந்து ஸ்டெபிலைசர் வாங்கியவர் இதை வாங்கவில்லை, ஏனென்றால் இதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டெபிலைசருக்கு டிவியில் விளம்பரம் வருகிறது, இதற்கு வருவதில்லை.

இனி எர்த். என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் இயற்பியல் வாத்தியார் 'ப்ரீஸ் த தேர்' என்று கரும்பலகையில் எழுதுவார். எர்த் இணைப்புக்கு பிரெஞ்சில் அதுதான் பெயர், 'தேர்' என்றால் பூமி. எங்களுக்கோ தேர் என்றால் வில்லியனூர்த் தேர்தான். கவர்னர் வந்து வடம் பிடிக்கும் தேர். வகுப்பில் பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. "சிரியுங்கள், ஒரு நாள் இந்தத் தேர் உங்கள் உயிரைக் காப்பாற்றும்" என்பார் அவர். மற்ற பாடமெல்லாம் மறந்துவிட்டது, அந்த வார்த்தை மட்டும் நிற்கிறது.

பாண்டியின் பழைய வீடுகளில் எர்த் எப்படி இருந்தது தெரியுமா? தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து வயர் ஓடும். எர்த் கம்பியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். சாஸ்திரப்படி சரியில்லைதான், ஆனாலும் அந்தக் குழாய் நூறு அடி மண்ணுக்குள் ஓடியதால் ஏதோ வேலை செய்தது. பிறகு என்ன ஆயிற்று? குழாய் துருப்பிடித்தது என்று பிளம்பர் வந்தார், இரும்பை எடுத்துவிட்டு பிவிசி போட்டார். எர்த் கம்பியைப் பத்திரமாகத் திரும்பவும் அந்த பிளாஸ்டிக் குழாயிலேயே சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். இதை நான் என் கண்ணால் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிளம்பர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் கண்ட கம்பியைக் கட்டினார். வீட்டுக்காரர் மூன்று பின் பிளக் பாயின்ட் இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஓட்டை சுவரோடு முடிந்துவிட்டது.

ஒழுங்காகக் குழி தோண்டி பைப் இறக்கிய வீடுகளிலும் நம் கடலோர மண்ணில் பைப்பும் கிளாம்பும் பத்துப் பதினைந்து வருஷத்தில் அரித்துவிடும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஒரு வழக்கம். இப்போது குழி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. மேலே டைல்ஸ் போட்டு மூடியாயிற்று.

இங்கே ஒரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். எலக்ட்ரீஷியன் வருவார். 100 வாட் குண்டு பல்பின் ஒரு முனையை பேஸிலும் மறு முனையை எர்த்திலும் வைப்பார். பல்பு பளிச்சென்று எரியும். "எர்த் சூப்பர் சார்" என்பார். 100 வாட் பல்பின் தடை ஐநூறு ஓமுக்கு மேல். உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 200 வோல்டுக்கு மேல் கிடைத்துவிடும், பளிச்சென்றுதான் எரியும். ஆனால் அந்த 50 ஓம் எர்த்தில், பிரிட்ஜ் உடம்பில் கரண்ட் இறங்கினால் ஓடுவது ஐந்து ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பிரிட்ஜ் கைப்பிடியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். எர்த்தை அளக்க மெகர் போல அதற்கென்று டெஸ்டர் இருக்கிறது, வீட்டுக்கு 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. பல்பு எரிவதை அளவு என்று ஏற்காதீர்கள்.

இதைவிட மோசமான ஒரு தந்திரம் உண்டு. எர்த் இல்லாத வீட்டில், பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. டெஸ்டர் வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும். அதே நியூட்ரல் எங்கேயாவது கழன்றால், அந்த பாயின்டில் மாட்டிய எல்லாப் பொருளின் உடம்பிலும் நேராக பேஸ் வந்து நிற்கும். எங்கள் கட்டடத்தில் அன்று யார் வீட்டிலாவது இந்த வேலை நடந்திருந்தால், நான் இப்போது இன்சுலினைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நம்மூருக்கே உரிய ஒரு சமாச்சாரம். பாண்டியில் பிரான்சோடு தொடுப்பு இல்லாத தெரு ஏது? சொல்தா பென்ஷன் வீடுகள், பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கும் வீடுகள். லீவுக்கு வரும்போது காபி மெஷின், அயர்ன் பாக்ஸ், சின்ன அவன் என்று பெட்டியில் வருகிறது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதேதான். ஆகவே மாட்டினால் ஓடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பிளக்கை உற்றுப் பாருங்கள். இரண்டு உருண்டைப் பின், நடுவில் ஒரு ஓட்டை. பிரான்சில் எர்த் பின் பிளக்கில் இருக்காது, சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், இந்த ஓட்டைக்குள் அது நுழையும். நம் சாக்கெட்டில் அந்தப் பின் கிடையாது. இரண்டு பின்னும் நம் ஓட்டையில் எப்படியோ நுழைந்துவிடுகிறது, எர்த் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. இரும்பு உடம்புள்ள எந்தப் பொருளானாலும் அந்தப் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு நம்மூர் மூன்று பின் டாப்பை மாட்டுங்கள். அதில் மஞ்சளும் பச்சையும் கலந்த வயர் எர்த். "புதுசு, அதை ஏன் வெட்ட வேண்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

பிரான்சில் அந்தப் பொருள் ஏன் ஆபத்தாக இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் டிஃபெரான்சியல் இல்லாமல் புது வயரிங்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் மச்சான் லியோன் பக்கம் இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு முறை பழைய அயர்ன் பாக்ஸ் கசிந்ததும் வீட்டில் பாதி இருட்டாகிவிட்டது. அவர் திட்டிக்கொண்டே அயர்ன் பாக்ஸைத் தூக்கிப் போட்டார், கதை முடிந்தது. நம் ஊரில் அதே பெட்டி, விரலில் 'சுருக்' என்று அடிக்க அடிக்க இன்னும் நான்கு வருஷம் ஓடும். "செருப்பு போட்டுக்கிட்டு தேய்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வைத்தியம் சொல்வார்.

அந்த டிஃபெரான்சியல்தான் நம் கடைகளில் ஆர்சிசிபி. இதன் கணக்கு ரொம்ப எளிது. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே விழும். 30 மில்லி ஆம்பியர் என்பது ஏறக்குறைய ஒரு 7 வாட் எல்இடி பல்பு எடுக்கும் கரண்ட். 16 ஆம்பியர் எம்சிபி அதைவிட ஐநூறு மடங்குக்குப் பொறுத்திருக்கும். எர்த் நன்றாக இருந்தால், நீங்கள் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் நீங்கள் தொட்ட பிறகு விழும். இரண்டும் சேர்ந்துதான் ஜோடி.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஈரமாகும், எங்கேயாவது கசியும், ஆர்சிசிபி விழும். எலக்ட்ரீஷியன் வருவார். "இது சும்மா சும்மா டிரிப் ஆகும் சார், பைபாஸ் பண்ணிடறேன்" என்பார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. நாய் குரைக்கிறது என்று நாயை விற்றுவிட்டுத் தூங்குவது மாதிரி இது. சும்மா விழுவதில்லை அது. பெரும்பாலும் காரணம் மூன்றுதான்: தோட்டத்து விளக்கிலோ மொட்டை மாடி பாயின்டிலோ மழைத்தண்ணீர், கீசர் காயிலில் ஓட்டை, அல்லது பேட்டரி இன்வர்ட்டர் மாட்டியவர் அதன் நியூட்ரலை மற்ற லைன் நியூட்ரலோடு கலந்துவிட்டது. ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று அரை மணியில் தெரிந்துவிடும். அந்த அரை மணிக்குக் கூலி கேட்டால் கொடுங்கள். பைபாஸ் செய்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள், விழ வேண்டும். பென்ஷன் வரும் தேதியில் அழுத்துவது என் வழக்கம், மறக்காது.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பைக் பஸ்டர் என்று விற்கும் நீளப் பெட்டிக்குள் ஒரு சின்ன வில்லை இருக்கிறது, வீச்சு வரும்போதெல்லாம் அது தன்னைக் கொடுத்து நம் பொருளைக் காக்கும். சில அடி வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடும். பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டி. பத்து வருஷப் பெட்டியை நம்பி இருக்காதீர்கள். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும், டிவியானால் கேபிள் வயரையும் சேர்த்து. வானம் இருட்டும்போதே செய்யுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கரண்ட் போனால் பிரிட்ஜ், ஏசி சுவிட்சுகளை அணைத்து, ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். திரும்பி வந்து விளக்கு ஆடாமல் ஐந்து நிமிஷம் எரிந்த பிறகு மற்றதைப் போடுங்கள். நம் அம்மாக்கள் செய்ததுதான். பழைய மாதிரி கம்ப்ரசருக்குள் அழுத்தம் அடங்குவதற்கு அந்த நேரம் வேண்டும் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குக் காரணம் தெரியாமலே வழக்கம் தெரிந்திருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது யாருக்கும் மறந்திருக்காது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அப்போது ஒன்று கவனித்தேன். பழைய வீடுகளில் பிளக் பாயின்ட் நெஞ்சு உயரத்தில் இருக்கும். புது வீடுகளில் அழகுக்காகத் தரையிலிருந்து ஒரு அடியில் வைக்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் முதலில் மூழ்கியது அவைதான். தண்ணீர் வடிந்ததும் துடைத்துவிட்டு சுவிட்ச் போட்ட வீடுகளில் வாஷிங் மெஷினும் பிரிட்ஜும் போயின. சுவருக்குள் குழாயில் நின்ற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. தாழ்வான தெருவில் வீடு கட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பாயின்டை மூன்றரை அடிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்ஜினியர் முகம் சுளிப்பார்.

கடைசியாக, எனக்குத் தெரிந்த தொழில், காகிதம். வாரண்டி அட்டையின் பின்புறச் சிறிய எழுத்தைப் படித்தேன். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வந்த பழுது பொறுப்பில்லை. வீட்டுக்கு எடுத்திருந்த தீ விபத்து பாலிசியைப் படித்தேன். மின்சாதனத்துக்கு அதிக வோல்டேஜாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ அந்தச் சாதனத்துக்கே வந்த சேதம் சேராது. மின்னலையும் அந்த வரியிலேயே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கதவும் சாத்தியிருக்க, நம் பணத்தில் நாமே பாதுகாப்பு செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

மீட்டருக்கு வெளியே, கம்பத்தில் கோளாறு என்றால் அது வேறு. 2003 மின்சாரச் சட்டத்திலும் 2020 டிசம்பர் 31 அன்று வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளிலும் சேவைத் தரம், நஷ்டஈடு இரண்டுக்கும் இடம் இருக்கிறது, வோல்டேஜ் புகாரைத் தீர்க்க எடுக்கும் காலமும் அந்த விதிகளின் பட்டியலில் உண்டு. குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் ஒம்புட்ஸ்மன் என்று படிகள் உண்டு. ஆனால் போனில் சொன்ன புகார், அலுவலகத்தைப் பொறுத்தவரை சொல்லாத புகார். லைன்மேனிடம் வாசலில் நின்று சொன்னதும் அப்படியே. ஒரு வெள்ளைத்தாள், தேதி, நேரம், இணைப்பு எண், என்ன நடந்தது என்று நான்கு வரி. இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் வரவு எண்ணும் வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து நகர வேண்டும். விளக்கு கூடிக் குறைந்து எரிய ஆரம்பித்த முதல் நாளே இதைச் செய்யுங்கள். ஒரு பேன் வேகமாக, இன்னொரு வீட்டில் மெதுவாக ஓடினால் அது நியூட்ரல் தளரும் அறிகுறி. மெயினை இறக்கிவிட்டு எழுதுங்கள்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒவ்வொரு சித்திரையிலும் மீட்டர் போர்டின் எல்லாத் திருகாணியையும் மின்சாரத்தை நிறுத்தி இறுக்குவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். எர்த் அளவையும் ஓம் கணக்கில் நோட்டில் எழுதுகிறோம். ஆளுக்கு ஒரு ஸ்டெபிலைசர் விலைகூட ஆகவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் பங்கு தரவில்லை. அவர்கள் பெயர் நோட்டில் இருக்கிறது.